மலைக்கு வழியா? அந்த வால் பின்னாடியே போங்க!

வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். திருவண்ணாமலை பஸ்ஸில் இடம் பிடிக்க ஒரு கூட்டமே முண்டியடிக்கும். பாதிப் பேர் தோளில் ஆபீஸ் பை. டை கட்டிய கழுத்தில் இன்னும் அந்தத் தடம் மறைந்திருக்காது. வாரம் பூராவும் மேனேஜர் முகத்தைப் பார்த்துச் சலித்துப் போய், 'ஒரு நாளாவது மலையைப் பார்ப்போமே' என்று கிளம்பிய கோஷ்டி. பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம், டிரைவர் மடியில் மட்டும்தான் இடம் இருக்கும்!

இந்த கோஷ்டியில் மலைப் பக்கம் போகிறவர்களுக்கெல்லாம் ஒரு கைடு கிடைப்பார். ஐ.டி. கார்டு கிடையாது. இங்கிலீஷ், இந்தி எதுவும் தெரியாது. 'எவ்வளவு சார் குடுப்பீங்க?' என்று பேரம் பேசமாட்டார். நீங்கள் நடந்தால் நடப்பார், நின்றால் நிற்பார், மூச்சு வாங்கிப் பாறையில் உட்கார்ந்தால் நாலு அடி தள்ளி அவரும் உட்கார்ந்து, 'இதுக்கே இப்படியா?' என்று ஒரு பார்வை பார்ப்பார்.

நாலு கால், ஒரு வால். ஆமாம் ஸார், தெருநாய்தான்!

ரமணாசிரமத்துக்குப் பின்பக்கத்திலிருந்து கந்தாசிரமத்துக்கு ஒரு கல் பாதை ஏறுகிறது. வேகமாக நடந்தால் அரை மணி, நம்மைப் போல நாற்காலியில் உட்கார்ந்தே சம்பாதிக்கிற ஜாதி என்றால் முக்கால் மணி. அந்தப் பாதையில் நடந்தவர்களைக் கேளுங்கள். பத்துக்கு ஐந்து பேராவது, 'ஒரு நாய் கூடவே வந்துச்சு சார்' என்பார்கள். தனக்கு மட்டுமே நடந்த அதிசயம் போலச் சொல்வார்கள். அதிசயமெல்லாம் ஒன்றுமில்லை. அந்த மலையில் அது ஒரு நூறு வருஷத்துப் பழக்கம்!

கமலா, இவரைக் கூட்டிட்டுப் போ!

1896 செப்டம்பர் 1-ம் தேதி, மதுரையிலிருந்து வீட்டை விட்டு ஓடிவந்த பதினாறு வயதுப் பையன் ஒருவன் திருவண்ணாமலையில் இறங்கினான். ஊர் பின்னால் அவனை ரமண மகரிஷி என்றது. 1899 வாக்கில் மலைமேல் விரூபாட்ச குகைக்குப் போனவர், 1916-ல் இன்னும் மேலே கந்தாசிரமத்துக்கு ஏறினார். 1922-ல் அம்மா மறைந்த பிறகுதான் கீழே வந்தார். ஆக, இருபது வருஷத்துக்கு மேல் மலைவாசம்.

அந்தக் கந்தாசிரமத்துக்குத்தான் குட்டியாக வந்து சேர்ந்தாள் கமலா. ஆசிரமத்துக்காரர்கள் விரட்டிப் பார்த்தார்கள். 'பொட்டைக் குட்டி. வருஷா வருஷம் போட்டுத் தள்ளுமே!' என்ற பயம். நம் அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்கில் இன்றைக்கும் எழுகிற அதே ஆட்சேபணை! கமலா அசையவில்லை. பயந்த மாதிரியே ஒரு பெரிய குடும்பமும் பெருகத்தான் செய்தது.

ஆனால் முதல் பிரசவத்தின்போது அவளுக்குக் கிடைத்த உபசாரத்தைக் கேளுங்கள். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, ஆசிரமத்திலேயே சுத்தமான இடம் ஒதுக்கி, குட்டிகளோடு பத்து நாள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பத்தாம் நாள் தீட்டுக் கழித்து விருந்து வேறு! நம் வீடுகளில் மருமகளுக்கே இது முழுசாகக் கிடைப்பதில்லை என்று சில மாமியார்கள் வருத்தப்படலாம்.

கமலா சும்மா உட்கார்ந்து சாப்பிட்டவள் இல்லை. புதிதாக யாராவது வந்து மலையைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றால், அழைத்துப் போகும் வேலையை ரமணர் கமலாவிடம்தான் ஒப்படைப்பார். அவளும் முன்னால் நடந்து, மலையில் இருக்கிற மூர்த்தி, தீர்த்தம், கோயில் எதையும் விடாமல் காட்டிவிட்டுத் திரும்ப அழைத்துவருவாளாம். ரமணரின் வாழ்க்கையை எழுதிய ஆர்தர் ஆஸ்பர்ன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இன்னொரு விஷயம், தமிழ் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் ருசி புரியும். நம் இலக்கணத்தில் நாய் அஃறிணை. 'அது வந்தது, இது போனது' என்றுதான் சொல்வோம். ரமணர் எந்த மிருகத்தையும் 'அது' என்று சொன்னதே இல்லையாம். 'அவன்', 'அவள்'தான். 'பசங்களுக்குச் சோறு போட்டாச்சா' என்று அவர் கேட்டால், புது ஆள் பள்ளிக்கூடப் பையன்களைத் தேடுவார். பழைய ஆள் நாய்களைத் தேடுவார். பந்தியிலும் முதல் சோறு 'பசங்களுக்கு', அடுத்து பிச்சைக்காரர்களுக்கு, அப்புறம்தான் பக்தகோடிகளுக்கு!

ஒரே ஒரு அடி

கமலாவுக்கு முன்னால், விரூபாட்ச குகைக் காலத்தில், சின்னக் கருப்பன் என்று ஒருவன் இருந்தான். பெயருக்கேற்ற மாதிரி உடம்பு பூரா கருப்பு. யாரிடமும் ஒட்டமாட்டான். புதர் மறைவிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். குகையில் இருந்தவர்கள் அவனைப் பிடிக்கப் போகவில்லை. 'சரி, அவன் சுபாவம் அப்படி' என்று அவன் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சோற்றை வைத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

ஒருநாள் எல்லோரும் மலை ஏறும்போது, திடீரென்று குறுக்கே பாய்ந்து வந்தான் கருப்பன். அத்தனை பேரில் ரமணரை மட்டும் பொறுக்கி எடுத்து, மேலே தாவி, வாலைக் குழைத்துக் கொஞ்சினான். அன்றிலிருந்து ஆசிரமவாசி. துறவி போல் ஒதுங்கி இருந்தவன், அதற்கப்புறம் வருகிறவன் போகிறவன் மடியிலெல்லாம் ஏறி உட்கார ஆரம்பித்துவிட்டான். 'போ' என்றால் போவான். ஆனால் மறுபடி வருவான். சிநேகம் வேண்டாம் என்று எவராவது சொன்னால் அதை அவன் நம்புவதே இல்லை!

குகைக்குப் பக்கத்தில் வில்வ மரத்தடியில் ஆசாரமான ஒரு பெரியவர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நாய் பக்கத்தில் வந்தாலே தீட்டு என்று நினைப்பவர். கருப்பனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? வாலை ஆட்டிக்கொண்டு கிட்டே போனான். பெரியவர் மனம் கோணக்கூடாதே என்று ஆசிரமத்துக்காரர் ஒருவர் குச்சியை ஓங்கி ஒரு அடி வைத்தார். பலமான அடிகூட இல்லை.

கருப்பன் கத்திக்கொண்டே ஓடினான். ஓடினவன்தான். திரும்ப வரவே இல்லை. அதற்கப்புறம் அவனை யாரும் பார்க்கவும் இல்லை.

ரமணர் இந்தக் கதையைப் பல வருஷம் கழித்தும் சொல்லியிருக்கிறார். அடித்தவரையும் திட்டவில்லை, ஆசாரக்காரரையும் திட்டவில்லை. ஒருமுறை அவமானப்பட்ட இடத்துக்கு அவன் மறுபடி வரமாட்டான், அவ்வளவு ரோஷக்காரன் என்பதோடு சரி. சம்பள உயர்வு கேட்டு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே நாற்காலியில் போய் உட்காரும் நமக்கு இந்த ரோஷம் கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.

இன்றைக்கும் ரமணாசிரமத்துக்குள் போனால், லட்சுமி என்ற பசு, வள்ளி என்ற மான், ஒரு காகம் ஆகியவற்றின் சமாதிகளோடு ஜாக்கி என்ற நாயின் சமாதியையும் பார்க்கலாம். மான், பசுவுக்கு நிகராக நாய்க்கும் ஒரு கல்!

ஆயிரத்து நானூறு வருஷத்து விசுவாசம்

நாய்க்குக் கல் வைப்பது இந்த ஜில்லாவுக்குப் புதிதும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் கள்ளர்களிடமிருந்து காக்கப் போய்ச் செத்துப்போன வீரன் ஒருவனுக்காக நட்டது. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய். சும்மா அழகுக்குச் செதுக்கிய நாய் இல்லை. 'கோவிவன்' என்று அதன் பெயரையே கல்லில் வெட்டி, கள்ளரைக் கடித்து எஜமானுக்குக் காவல் நின்ற கதையையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு வாழ்ந்த எத்தனை மிராசுதார்களின் பெயர் நமக்குத் தெரியும்? கோவிவன் பெயர் தெரிகிறதே!

ஆல்ப்ஸ் முதல் இமயம் வரை

நாயும் மலையும் சேர்ந்த கதை உலகம் பூராவும் உண்டு. நம் மகாபாரதத்திலேயே தருமபுத்திரர் கடைசியாக இமயமலை ஏறும்போது மனைவி, தம்பிகள் எல்லோரும் ஒவ்வொருவராக விழுந்துவிட, கடைசிவரை கூட வந்தது ஒரு நாய். 'நாயை விட்டுவிட்டு ரதத்தில் ஏறு' என்று இந்திரன் சொல்ல, 'அப்படிப்பட்ட சொர்க்கம் எனக்கு வேண்டாம்' என்று தருமர் மறுத்தாரே... பெட் அலவ்டு இல்லாத வீடு வேண்டாம் என்று முதலில் சொன்ன புண்ணியவான் அவர்தான்!

ஐரோப்பாவில் சிங்கெல் என்று ஒரு பெண் நாய். கிறிஸ்டியன் ஆல்மர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டி அதை 1868-ல் கூலிட்ஜ் என்ற அமெரிக்கப் பையனுக்குக் கொடுத்தார். அதற்கப்புறம் அது ஏறிய ஆல்ப்ஸ் சிகரங்கள் முப்பது, கடந்த கணவாய்கள் முப்பத்தாறு! 1875-ல் 4,800 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மான்ட் பிளாங்க் உச்சியில் தன் சொந்தக் காலில் நின்றது. லண்டன் ஆல்பைன் கிளப்பின் கௌரவ உறுப்பினர் என்று அதைச் செல்லமாகச் சொல்வார்கள். அந்த கிளப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1970-களில்தான். நூறு வருஷம் முந்திக்கொண்டது சிங்கெல்!

நம் காலத்து சாம்பியன் மேரா. நேபாளத்தில் 2018 நவம்பரில் ஒரு மலையேற்றக் குழுவோடு தானாக வந்து ஒட்டிக்கொண்ட தெருநாய். 7,129 மீட்டர் உயரமுள்ள பருன்ட்சே சிகரத்தின் உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. இதைவிட உயரம் ஏறிய நாய் பற்றிப் பதிவே இல்லை என்கிறார்கள். குழுவில் இருந்த ஆட்கள் லட்சக்கணக்கில் செலவழித்து பூட்ஸ், ஜாக்கெட் என்று போட்டிருக்க, இது பிறந்த மேனியாக!

2024 அக்டோபரில் எகிப்தின் கீஸா பிரமிடு உச்சியில் ஒரு தெருநாய் பறவையைத் துரத்திக்கொண்டு நின்றதைப் பாராகிளைடரில் பறந்த ஒருவர் படம் பிடித்து, உலகமே பார்த்தது. எதற்கு ஏறுகின்றன? யாருக்குத் தெரியும். நாம் மட்டும் எதற்கு ஏறுகிறோமாம்?

வரவு - செலவு

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் லாப நஷ்டக் கணக்குப் போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. ஒருமுறை கந்தாசிரமப் பாதையில் செம்பட்டை நிறத்தில் ஒருவர் கூட வந்தார். மேலே போகிற வரைக்கும் எனக்கு நாலு கல் முன்னால். வளைவு வந்தால் நின்று, நான் வருகிறேனா என்று பார்ப்பார். ஓரிடத்தில் கீழே நாலு பெரிய கோபுரங்களும் கோயில் மதிலும் சதுரமாகத் தெரியும். எல்லோரும் போட்டோ எடுக்கிற இடம். அங்கே தானாகவே உட்கார்ந்துவிட்டார். பழகின கைடு!

இறங்கி வந்து செங்கம் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். செலவுப் பக்கம்: பொறை ரெண்டு, தண்ணி ஒரு கை. வரவுப் பக்கம்: ஒன்றரை மணி நேரத் துணை, குரங்குகளிடமிருந்து என் பைக்குப் பாதுகாப்பு, வழி தவறாத நிம்மதி. எப்படிக் கூட்டினாலும் டாலி ஆகவில்லை. நாய் பக்கம்தான் பெரிய நஷ்டம்!

கடைக்கார அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"நாய் உங்க கூட வந்துச்சுன்னு யாரு தம்பி சொன்னது? அது தெனம் போவுது. இன்னிக்கு நீங்க அது கூடப் போனீங்க, அவ்ளோதான்!" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே.

கைடுக்கும் கால் சுடும்

சிரித்தது போதும், கொஞ்சம் விஷயத்துக்கு வருவோம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். திருவண்ணாமலை வெயிலில் பாறை எப்படிக் காயும் என்று வெறுங்காலோடு கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும். உங்கள் புறங்கையைப் பாறையில் ஐந்தாறு விநாடி வையுங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

அதுவும் நாய் நேராக நடக்காது. முன்னால் ஓடும், திரும்பி வரும், பக்கத்துப் புதரை மோப்பம் பிடிக்கும், மறுபடி ஓடும். நாம் ஒரு கிலோமீட்டர் நடந்தால் அது ஒன்றரை, ரெண்டு என்று ஓடி முடித்திருக்கும். ஆகவே விடியற்காலையில் ஏறுங்கள். உங்களுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் என்றால் அதற்கும் கொஞ்சம் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொட்டாங்கச்சி பையில் இருந்தால் ஊற்றிக் கொடுக்கச் சௌகரியம்.

சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை இதெல்லாம் நாய்க்கு விஷம். பாசத்தில் கொடுத்துவிடாதீர்கள். பாயசத்தில் மிதக்கிற திராட்சையும் அதில் அடக்கம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எல்லை. ஒவ்வொரு தெருநாய்க்கும் ஒரு ஸ்டேஷன் லிமிட் உண்டு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதற்குள் எத்தனை எல்லையோ! பிஸ்கெட்டைக் காட்டிக்காட்டி ஒரு நாயை இந்திர லிங்கத்திலிருந்து வருண லிங்கம் வரைக்கும் கூட்டிப்போனால், அந்தப் பக்கத்து கோஷ்டி அதைக் குதறிவிடும். நீங்கள் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள். அது எப்படி ஊர் திரும்பும்? தானாக வந்தால் வரட்டும். நின்றுவிட்டால், 'சரிப்பா, போய்ட்டு வா' என்று விட்டுவிடுங்கள்.

உச்சிக்குப் போகிற ஆசையும் வேண்டாம். 2,669 அடி மலை, வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் ஏறக்கூடாது. 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலைச்சரிவு சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்து ஏழு பேர் இறந்துபோனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருஷம் டிசம்பர் 13-ல் கார்த்திகை தீபத்துக்கு பக்தர்களை மலை ஏற விடவில்லை. கொப்பரையும் நெய்யும் சுமக்கிற ஆட்கள்தான் போனார்கள். மலை சாமிதான், ஆனால் அதுவும் மண்ணும் கல்லும்தான். கந்தாசிரமம், விரூபாட்ச குகை வரைக்கும் போனாலே கமலா காட்டிய இடங்களில் முக்கியமானதைப் பார்த்த கணக்கு.

பயமும் நியாயம்தான்

'உனக்கென்னப்பா, கதை எழுதிட்டுப் போயிடுவே. எங்க தெருவுல ராத்திரி பைக்ல வந்து பாரு' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம். குழந்தையை நாய் கடித்துத் துடித்த தகப்பனிடம் போய் நான் கமலா கதையைச் சொல்ல முடியாது. சொன்னால் அவர் அடிக்க வருவார், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தச் சண்டை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன கோர்ட், ஆகஸ்ட் 22-ல் அதை மாற்றியது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறி பிடித்ததையும் கடிக்கிற சுபாவம் உள்ளதையும் விடக்கூடாது. சோறு போடுவதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும் என்றது. நவம்பர் 7-ல், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அப்புறப்படுத்தவும் சொன்னது.

மலைப்பாதையில் நடக்கிறவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நாய் வந்தால் ஓடாதீர்கள், கல்லைத் தூக்காதீர்கள், தலையைத் தடவவும் போகாதீர்கள். நில்லுங்கள். அது மோந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். கடித்தாலோ பிராண்டினாலோ, 'சின்னக் கீறல்தானே' என்று விடவே விடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியை ஆரம்பியுங்கள். டாக்டர் சொன்ன தேதிகளில் ஒன்றுகூட விடாமல் போட்டு முடியுங்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் நேரத்துக்கு ஊசி போட்டால் வராமலே தடுத்துவிடலாம்.

மற்றபடி பயமும் பாசமும் ஒன்றுக்கொன்று விரோதி இல்லை. சின்னக் கருப்பன் புதர் மறைவில் இருந்த காலத்தில் குகைவாசிகள் என்ன செய்தார்கள்? கொஞ்சவில்லை, விரட்டவில்லை. சோற்றை வைத்துவிட்டு ஒதுங்கி வந்தார்கள். அவ்வளவு மரியாதை போதும். அவனாக வருகிற நாளில் வந்தான்.

அண்ணாமலையின் அடியையும் முடியையும் தேடி, பிரம்மா அன்னமாகப் பறந்தார், விஷ்ணு பன்றியாகத் தோண்டினார் என்கிறது புராணம். ரெண்டு பேருக்கும் அகப்படவில்லை. நாயாக யாரும் தேடிப் பார்த்ததாகக் கதை இல்லை. அது எதையும் தேடுவதில்லை. காலையில் ஆசிரமத்துப் பின்பக்கம் வந்து உட்காருகிறது. இன்றைக்கு யார் வழி தெரியாமல் முழித்துக்கொண்டு வருகிறார்கள் என்று பார்க்கிறது. எழுந்து, ஒரு சோம்பல் முறித்து, முன்னால் நடக்கிறது.

அடுத்த பௌர்ணமிக்குப் போனால் நீங்களும் பின்னாலேயே போங்கள். குச்சி வேண்டாம். கொட்டாங்கச்சி மறக்க வேண்டாம்!